படத்தை மட்டும் நம்ப வேண்டாம்

முதுகுத்தண்டுக் கால்வாய் சுருக்கத்தை, அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் வழி குறுகுவதை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாலே உறுதிசெய்துவிடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வயதானவர்களில் எந்த வலியும் இல்லாத பலருக்கும் படத்தில் சுருக்கம் தெரியும். நோயாளி எப்படி நடக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து மரத்துப்போய், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிறது என்றால் நரம்பு நெருக்கப்படுவதாகச் சந்தேகிக்கலாம். குனியும்போது கால்வாய் சற்று விரிகிறது. நடக்கத் திணறும் இவர்களில் பலர் சைக்கிளைச் சிரமமின்றி மிதிப்பதும் அதனால்தான். சும்மா நின்றாலே வலி அடங்குகிறதா? அப்படியானால் காலின் ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று சோதிக்க வேண்டும், அதிலும் புகைபிடிப்பவராகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தால்.

இதற்கு முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைக் கட்டுரை தாராளமாகவே புகழ்கிறது. 2014இல் வெளியான, 400 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், மரத்துப்போகச் செய்யும் மருந்துடன் ஸ்டீராய்டையும் சேர்த்ததால் ஆறு வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் இல்லை. அறுவை சிகிச்சை என்றால், நெருக்கும் எலும்பை அகற்றினால் போதுமா, ஸ்க்ரூ போட்டு முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கவும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். 2016இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் இணைப்பால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. செலவும் ரத்த இழப்பும்தான் கூடின.

திடீரென்று சிறுநீர் நின்றுபோனாலோ ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.