அளந்தது கொஞ்சம், வரைந்தது முழுக்க

"கடலடியைவிட செவ்வாய் கிரகத்தைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும்" என்ற வரியை வாரம் தவறாமல் யாராவது பகிர்ந்துவிடுகிறார்கள். அந்த வரியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கூடவே ஒரு படம் போடுகிறார்களே, மலையும் பள்ளத்தாக்குமாக நீலத்தில் பளபளக்கும் முப்பரிமாணக் கடல்தரை, சண்டை அதோடுதான். தெரியாது என்று சொல்லிவிட்டு, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு படம்!

அதில் பெரும்பகுதி அளந்ததே இல்லை, கணித்தது. உலகக் கடல்தரை முழுவதையும் 2030க்குள் அளந்துவிட வேண்டும் என்று 2017இல் தொடங்கிய சீபெட் 2030 திட்டத்தின் கணக்குப்படியே, 2025 ஜூன் வரை முறையாக அளந்தது 27.3 சதவீதம். மிச்சத்துக்குச் செயற்கைக்கோள்தான் கதி. கடலடியில் மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும், மேலே கடல்மட்டம் லேசாகப் புடைக்கும். அந்தப் புடைப்பை ரேடாரால் அளந்து, கீழே என்ன இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அபாரமான மூளைதான், மறுக்கவில்லை. ஆனால் சில கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் அதில் சிக்காது.

2009இல் கூகுள் எர்த்தில் கடலடியைச் சேர்த்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? கேனரி தீவுகளுக்கு மேற்கே தெருக்கள் மாதிரி நேர்கோடுகள் தெரிந்தன. கடலில் மூழ்கியதாகக் கதைகள் சொல்லும் அட்லாண்டிஸ் கிடைத்துவிட்டது என்று பத்திரிகை வரைக்கும் போய்விட்டது. கடைசியில் பார்த்தால், கப்பல்கள் சோனாரால், அதாவது ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்து, ஆழத்தை அளந்துகொண்டே போன தடங்கள். அந்தப் பக்கத்தில் நிஜமாக அளந்த இடமே அந்தக் கோடுகள்தான். சுற்றி வழவழவென்று இயற்கையாகத் தெரிந்ததெல்லாம் கணிப்பு. 2012இல் படத்தைப் புதுப்பித்தார்கள், கோடுகள் மறைந்தன. எனக்கென்னவோ அவை இருந்த படமே மேல் என்று தோன்றும்.

சரி, அளந்த இடமாவது துல்லியமா? மல்டிபீம் சோனார் கப்பலின் அடியிலிருந்து ஒலியை விசிறியாகப் பரப்பும். ஒரு கற்றையின் அகலம் 1 டிகிரி என்று வையுங்கள். 3,800 மீட்டர் ஆழத்தில் அது தரையைத் தொடும்போது 66 மீட்டர் அகலமாகிவிடும். டைட்டானிக் அங்கேதான் கிடக்கிறது. 269 மீட்டர் நீளக் கப்பல், அந்தக் கணக்கில் நாலே நாலு புள்ளி.

அதே டைட்டானிக்கை 2022இல் முழுசாக முப்பரிமாணத்தில் எடுத்தார்கள், ஒலியால் அல்ல, ஒளியால். தண்ணீர் வெளிச்சத்தை விழுங்கும், அதிலும் சிவப்பை முதலில். அதனால் ரிமோட்டில் இயங்கும் நீர்மூழ்கிகள் விளக்கோடு கிட்டப் போய், எல்லாக் கோணத்திலிருந்தும் சுமார் 7 லட்சம் படங்கள் எடுத்தன. ஒன்றின்மேல் ஒன்று படிகிற அந்தப் படங்களைக் கணினி கோத்தபோது, ப்ரொபெல்லரில் பொறித்த எண்கூடத் தெரிந்தது. ஒரே ஒரு கப்பலுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் வேலை. செய்தியில் இதைப் பார்த்துவிட்டு, கடல்தரை முழுக்க இப்படித்தான் படமாகியிருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய.

போதாததற்கு, இந்தப் படங்களில் உயரத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் வித்தையும் உண்டு. கண்டத்தின் விளிம்பு ஆழ்கடலுக்கு இறங்கும் கண்டச் சரிவின் சராசரிச் சாய்வு சுமார் 4 டிகிரிதான், படத்தில் பார்த்தால் செங்குத்துப் பாறை.

அழகுக்குத்தானே, விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று. 2005 ஜனவரியில் யுஎஸ்எஸ் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி, குவாமுக்குத் தெற்கே கடலடி மலை ஒன்றில் முழு வேகத்தில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார், நூறு பேருக்குக் கிட்டத்தட்ட காயம். அவர்கள் நம்பிப் போன வரைபடத்தில் அந்த மலையே இல்லை.

உலகக் கடலடி வரைபடத்தை வெளியிடும் ஜெப்கோ, எந்தக் கட்டம் அளந்தது, எது கணித்தது என்று சொல்லும் தனிக் கோப்பையும் இலவசமாகவே தருகிறது. கணித்த பகுதியைச் சாம்பல் நிறமாக்க அது போதும். செய்ய மாட்டார்கள். முக்கால்வாசி சாம்பலாக இருக்கும் கடலுக்கு யார் லைக் போடுவார்கள்?