கேஸ் ஷீட்டில் சிவப்பு மை வேண்டாம்

காசிமேட்டிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஷேர் ஆட்டோ தூரம். அங்கேயே ஏஆர்டி மையம் இருக்கிறது. ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பீச் ஸ்டேஷனில் ரயிலேறி, தாம்பரம் சானடோரியம் வரை போய் மருந்து வாங்கி வருகிறவர்கள் வடசென்னையில் உண்டு. ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா நிற்பாரோ, கேன்டீன் வாசலில் தெருப் பையன் பார்த்துவிடுவானோ என்ற பயம்தான் காரணம். போய் வர ஒரு நாள் கூலி போகிறது. இரண்டு மாதம் போவார்கள், மூன்றாவது மாதம் கூலியை விட முடியாமல் மருந்து நின்றுபோகும்.

1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தவர்கள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவச மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. 2017 முதல், நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4இன் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான எல்லோருக்கும் மருந்து உண்டு. மருந்து விஷயத்தில் நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். ரகசியம் காக்கிற விஷயத்தில்தான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். பலர் அதை நோயாளிக்குக் காட்டும் மரியாதை என்ற அளவில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதி.

டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள், ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி இறங்கிவிடும். அப்படி இறங்கி நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. விட்டு விட்டுப் போட்டால் கிருமி மறுபடி பெருகும், மருந்தையே எதிர்த்து நிற்கவும் பழகிக்கொள்ளும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

மாத்திரை வருவது வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில். முப்பது மாத்திரை, கையில் எடுத்தாலே கலகலவென்று சத்தம். வியாசர்பாடியில் ஒற்றை அறை ஹவுசிங் போர்டு வீட்டில் அந்தச் சத்தத்தை எங்கே ஒளிப்பது? “என்னம்மா மாத்திரை அது?” என்று மாமியார் கேட்டால் “சத்து மாத்திரை அத்தை” என்பதுதான் பதில். அடுத்து, லேபிளைக் கிழித்து, மாத்திரையை பிளாஸ்டிக் கவரில் கொட்டி அரிசி டப்பாவுக்குள் புதைப்பார்கள். ஈரம் உறிஞ்சுவதற்காக உள்ளே இருந்த சின்னப் பொட்டலம் குப்பைக்குப் போய்விடும். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் மாத்திரை நமுத்துப்போகும். டப்பாவை மாற்றாதீர்கள். பொட்டலத்தை உள்ளேயே விட்டு, மேலே கொஞ்சம் உலர்ந்த பஞ்சை அடைத்தால் சத்தம் வராது.

கர்ப்பமானதும் உண்மையான சத்து மாத்திரைகளும் வந்து சேரும். இரும்பும் கால்சியமும் வயிற்றில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் ஏறவிடாது. கூட்டு மருந்தை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். சேர்த்துத்தான் போட முடியும் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் என்றால் சாப்பாட்டோடும் சேர்க்கக் கூடாது, அந்த இடைவெளி கட்டாயம். இதை நர்ஸ் அம்மாவிடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர் வாயைத் திறக்க மாட்டார்.

காசநோயில் இது இன்னும் மோசம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் உடம்பில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும் என்பதால், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தர வேண்டும். டி.பி. மருந்து வாங்குகிற இடத்தில் ஹெச்.ஐ.வி.யை மறைத்தால் அந்த இரண்டாவது மாத்திரை கிடைக்காது.

விசைப்படகில் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, அதாவது தங்கல், போகிறவர்களும், துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரியில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கிற டிரைவர்களும் மருந்து தீரும் தேதியைத் தவறவிடுவது சகஜம். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் சேர்த்துத் தர வழி இருக்கிறது, கடலுக்குப் போகும் முன்பே கேட்டு வாங்குங்கள். வெளியூரில் மாட்டிக்கொண்டால் உங்கள் சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தைக் காட்டி அங்குள்ள ஏஆர்டி மையத்தில் கேட்கலாம். ஆனால் அந்தப் பச்சை அட்டை எதற்கு என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதை யாரும் கையோடு எடுத்துப் போவதில்லை. அட்டையின் நிறத்தை மாற்றுவதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

இனி ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு. ஆபரேஷனுக்கு முன் சொல்லாமல் ரத்தம் எடுத்து ஹெச்.ஐ.வி. பார்ப்பது, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் வட்டம் போடுவது, கட்டிலில் அட்டை தொங்கவிடுவது எல்லாமே உங்கள் பாதுகாப்புக்கு என்கிறீர்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் சாதாரண கார்டு டெஸ்ட்டில் நெகட்டிவ்தான் வரும், ஆனால் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும் நாட்கள் அவைதான். பல மாதம் ஒழுங்காக மருந்து போட்டவரின் ரத்தத்தில் கிருமி தேடினாலும் கிடைக்காது. சிவப்பு வட்டம் மருந்து போடுகிற இவருக்கு விழுகிறது, புதிதாகத் தொற்றியவருக்கு விழுவதில்லை. வட்டத்தை நம்பிக் கையுறையைத் தேர்ந்தெடுப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாண்டால் வட்டத்துக்கே வேலையில்லை.

ஊசி குத்திவிட்டால், முக்கியமாகக் குப்பைப் பை தூக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குக் குத்திவிட்டால், பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் ஊற்றக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் போட வேண்டும். மருந்தே போடாவிட்டாலும் தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஒருமுறை குத்தினால் பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். இந்தக் கணக்கைச் சூப்பர்வைசர் அந்தத் தொழிலாளிக்குச் சொல்லி, கையோடு கூட்டிப்போக வேண்டும். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று அனுப்பி வைப்பது பெரிய கொடுமை.

2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதும் தவறு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குறைதீர்ப்பாளர். மருத்துவ அவசரம் என்றால் அவர் சீக்கிரமே, கூடியவரை 24 மணி நேரத்துக்குள், உத்தரவு போட வேண்டும். எங்கே பரிசோதனை செய்வது, எங்கே மருந்து வாங்குவது என்று கேட்க 1097 இருக்கிறது, கட்டணம் இல்லை. நீங்கள் போகிற ஆஸ்பத்திரியில் புகார் அதிகாரியின் பெயர்ப்பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.