பாக்கெட்டைக் கிழிப்பதை விட்டுவிட்டுக் கார்டை வாங்குங்கள்

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் எந்தப் பொம்மைக் கடையிலும் பார்க்கலாம். பத்து வயதுப் பையன் போகிமான் கார்டைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, இது என்ன ரேட் போகும்?" என்பதுதான். படத்தில் இருப்பது யார், என்ன அட்டாக், யார் வரைந்தது எல்லாம் அப்புறம். பையனைக் குறை சொல்ல மாட்டேன். யூட்யூபில், உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத பாக்கெட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கிழித்துக் கூச்சல் போடுகிற பெரியவர்கள் பழக்கிவிட்டது அது. தீப்பெட்டிப் படமும் சிப்ஸ் பாக்கெட் டாஸோவும் மாற்றிய காலத்தில் ஒன்றுக்கு எத்தனை என்பதைத் தெருவே முடிவு செய்தது. இன்று அதை டாலரில் எவனோ முடிவு செய்கிறான்.

இந்த வெறி எப்போது ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2020 லாக்டவுனில் பழைய ஆல்பங்கள் பரணிலிருந்து இறங்கின. 2021 மார்ச்சில், கார்டின் நிலையைச் சோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிற பிஎஸ்ஏ கிரேடிங் கம்பெனி, வந்து குவிந்ததைச் சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், கார்டு வாங்க வந்தவர்கள் அடிதடியில் இறங்கியதால் கடைக்குள் விற்பதையே நிறுத்தின. அதே ஆண்டு அமெரிக்க யூட்யூபர் லோகன் பால் ஒரே ஒரு பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் கார்டை 52,75,000 டாலர் மதிப்பில் வாங்கினார். அந்த ஒரு செய்தியை வைத்துத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு அப்பாவும் "வாங்கி வை, பின்னால் உதவும்" என்கிறார்.

அந்த இல்லஸ்ட்ரேட்டர், கடையில் விற்ற கார்டே இல்லை. ஜப்பானில் ஓவியப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்த பரிசு. நம்மூர்க் கடையில் தொங்குவது வேறு சரக்கு. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஓராண்டில் மட்டும் போகிமான் கம்பெனி அச்சடித்தது 1,190 கோடி கார்டு. அவ்வளவு அச்சாகிற காகிதத்தை முதலீடு என்று சொல்லிப் பையனிடம் கொடுக்காதீர்கள்.

பொழுதுபோக்கு விலை ஏறிவிட்டது என்பது பாதிதான் உண்மை. விலை ஏறியது பாக்கெட் கிழிக்கிற சூதாட்டத்துக்கு. ஒரு பாக்கெட் 400 ரூபாய் என்று வையுங்கள். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்றால், கேத்தியிலோ மஞ்சூரிலோ ஒரு வீட்டார் 20 கிலோ கொழுந்து பறித்துப் போட்டால்தான் ஒரு பாக்கெட். உள்ளே பத்து கார்டு, அதில் ஏழெட்டு எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பது.

இப்போது கணக்கு. ஒரு செட்டில் (ஒன்றாக வெளியாகிற கார்டுத் தொகுப்பில்) நல்ல ஓவியக் கார்டு 30 வகை இருக்கிறது, 12 பாக்கெட்டுக்கு ஒன்று வருகிறது என்று வைப்போம். உங்களுக்கு வேண்டிய அந்த ஒன்று வர 360ல் ஒரு வாய்ப்பு. 36 பாக்கெட் கொண்ட முழுப் பெட்டியை 14,400 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அது கிடைப்பது பத்துப் பேரில் ஒருவருக்குத்தான். சரி, 360 பாக்கெட்டையும் கிழித்தால்? அப்போதும் நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடு எழுந்திருப்பார்கள். அதே கார்டு உதிரியாக 600, 700 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இதற்கு என்ன பெயர்? பிறந்தநாளுக்கு ஒரு பாக்கெட் கிழிக்கட்டும், கிழிக்கிற சுகமும் சுகம்தான். ஆனால் ஆத்துல போட்டாலும் அளந்து போட வேண்டும்.

உதிரி வாங்குவதிலும் நேரம் உண்டு. புது செட் வெளியான முதல் வாரம் விலை உச்சத்தில் இருக்கும், கையில் சரக்குள்ளவர் குறைவு. பெரும்பாலான கார்டு நாலு முதல் ஆறு வாரத்தில் இறங்கிவிடும், அதுவரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். விலை பார்க்கும்போது ஒருவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், கடைசியாக விற்ற ஐந்தாறு விலையைப் பாருங்கள். டாலரை ரூபாயாக்கி அப்படியே கேட்பவரிடம், அந்த விலை அமெரிக்காவில் கைக்குக் கிடைக்கிற விலை என்பதைச் சொல்லுங்கள், இங்கே வாங்க அந்த அளவு ஆளில்லை. ஆல்பத்தில் வைக்கத்தான் என்றால் 'நியர் மின்ட்', அதாவது புத்தம் புதிது போல, வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். பின்பக்க ஓரத்தில் லேசாக வெள்ளை தெரிகிற 'லைட்லி பிளேய்ட்' கணிசமாக மலிவு, பையில் போட்டுவிட்டால் முன்பக்கம் ஒன்றுதான். ஜப்பானிய மொழிப் பதிப்பும் பல சமயம் மலிவு, அச்சும் சுத்தம்.

ஆனால் ஜப்பானியப் பாக்கெட்டை உதிரியாக வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பெட்டிகளில் வழக்கமாகப் பெட்டிக்கு ஓர் உயர்ரகக் கார்டு வந்துவிடும். விற்பவர் அது வரும்வரை தானே கிழித்து, வந்ததும் மிச்சத்தை உதிரியாகத் தொங்கவிடலாம். சக்கை நமக்கு.

பாக்கெட் உப்பியிருக்கிறது, யாரோ திறந்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் தளர்ந்து கிடந்த சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் தலையணை ஆகிறதே, அதே கதை. அழுத்திப் பார்க்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். ஒட்டுப் பல்வரிசை கோணலாக இருக்கிறதா, பசை பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள்.

மே மாத சீசனில் நடைபாதையில் தொங்குகிற ஐம்பது சொச்சம் தங்க நிறக் கார்டுக் கட்டு அத்தனையும் போலி. விளையாடக் கொடுங்கள், மற்றவர்களோடு கார்டு மாற்றிக்கொள்ளக் கொண்டுவர வேண்டாம். மற்றவற்றைச் சோதிக்க: அசல் போகிமான் கார்டின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் போலியில் வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவும். பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காமன் (எல்லோரிடமும் இருக்கிற சாதாரணக் கார்டு) ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். Pokémon என்ற ஆங்கிலப் பெயரில் நடுவே உள்ள 'é' எழுத்தின் மேல் சிறு சாய்கோடு இல்லாவிட்டால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

கிரேடிங் பற்றிக் கேட்காத வாரம் இல்லை. பத்துக்குப் பத்து வாங்க முன்பக்கத்தில் எதிரெதிர் ஓரங்களின் அகலம் 55:45க்குள் சமமாக இருக்க வேண்டும், நாலு முனையும் கூர், மேல்பரப்பில் ஒரு கீறல் கூடாது. அதற்கு மேல் அனுப்புகூலி, காப்பீடு, கிரேடிங் கட்டணம், திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒன்பது வந்தால் பெரும்பாலும் போட்ட காசு வராது. 10,000 ரூபாய்க்குக் கீழான கார்டை அனுப்புவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிகிறது.

உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் லீவுக்குப் போய் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வாங்கி வருகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளிடம் காமன் மட்டும்தான். இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஏமாற்றம் நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை கார்டு மாற்றம் நடத்துகிறவர்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம்: 100 ரூபாய்க்கு மேற்பட்ட கார்டுக்கு ஒரு மேசை, கீழே உள்ளதற்கு இன்னொன்று. கீழ் மேசையில் ஒன்றுக்கு ஒன்று, விலை பேசக்கூடாது, செல்போனும் எடுக்கக்கூடாது. பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் மேல் மேசையில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம் மலைக்காரர்கள் உண்மையில் காசு செலவழிக்க வேண்டியது ஓதத்தை, அதாவது வீட்டுக்குள் ஏறும் ஈரத்தை, தடுப்பதற்குத்தான். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழை மாதத்தில் நம் வீட்டுக்குள் 90 சர்வசாதாரணம். பளபளப்புக் கார்டு வளைவது இதனால்தான்: முன்பக்கப் படலம் ஈரம் குடிக்காது, பின்னால் இருக்கும் காகிதம் குடித்து விரியும், ஓரங்கள் முன்பக்கமாக மடங்கும். ஜனவரியில் உறைபனி கொட்டி வெயிலில் காற்று காய்ந்தால் இதே கார்டு எதிர்ப்பக்கம் வளையும். கணப்புப் பக்கத்தில் காய வைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் கார்டைக் கொல்லும். 45 முதல் 50 சதவீதத்தில் இரண்டு வாரம் வைத்தாலே பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும்.

தேவை: ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் 10 லிட்டர் டப்பா, சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் 250 கிராம். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீடு. மானியை முதலில் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், மானியோடு ஜிப் கவரில் போட்டு 12 மணி நேரம். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிப் படியுங்கள்.

பலர் 100 கிராம் ஜெல் போட்டுவிட்டு "வேலை செய்யல" என்கிறார்கள். ஆயிரம் கார்டு என்பது 1.8 கிலோ காகிதம். ஈரம் டப்பாவின் காற்றில் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அந்தக் காகிதத்துக்குள். முதல் சுற்றில் ஜெல் இரண்டே நாளில் நிறம் மாறிவிடும். மின்சார ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி போடுங்கள், இரண்டு மூன்று சுற்று வேண்டியிருக்கும். 120 டிகிரிக்கு மேல் போனால் சாயம் கருகும். அரிசி போடாதீர்கள், தூசியும் வண்டும்தான் மிச்சம். 40க்குக் கீழே இறங்கினால் ஜெல்லைப் பாதியாக்குங்கள்.

கார்டுக்குப் பாலிபுரொப்பிலீன் உறை. மெத்தென்று வாடை அடிக்கிற பிவிசி ஆல்பம் காலப்போக்கில் கார்டோடு ஒட்டும். வளையம் வைத்த ஆல்பத்தில் முதல் வரிசைக் கார்டில் பள்ளம் விழும், பக்கவாட்டில் நுழைக்கிற தைத்த ஆல்பமே மேல். டப்பாவை வெளிச்சுவரில் ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள், நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள். தரையிலும் வேண்டாம், இராமபாணப் பூச்சி அங்கிருந்துதான் ஏறும். குளிர்ந்த கார்டை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிப் போனால் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள், உடனே திறந்தால் மேலே நீர் கோக்கும்.

மழை பெய்யும்போது டப்பாவை நிரப்பி மூடினால் ஓதத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபர் மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு வெயில் வாரம் கிடைக்கும். ஊட்டிக்காரர்கள் மே கடைசிக்குள் முடித்துவிடுங்கள். கூடலூர், தேவாலாக்காரர்கள் மே முதல் வாரமே ஜெல்லைக் காய வைத்துவிடுவது நல்லது, அங்கே ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் வானம் காத்திருக்காது.