பொறியில் சிக்கும் ஆண் ஈக்களும் தாய்வழியும்

ஆப்பிரிக்க மாந்தோப்புகளில் பரவிய பழ ஈக்களின் மரபணு வேறுபாடு குறித்து நான் வாசித்த ஓர் ஆய்வுக் கட்டுரை, 2003-இல் கென்யாவில் கண்டறியப்பட்டு 2005-இல் புதிய இனமாகப் பெயரிடப்பட்ட அந்த ஈ, 2015-இல் ஆசியாவின் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் இனத்தோடு சேர்க்கப்பட்டதையும் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் காரைக்குடிப் பக்கம் மாம்பழத்தை அரிந்தால் சுருண்டு துள்ளி விழும் வெள்ளைப் புழு பெரும்பாலும் இதே ஈயினுடையதுதான். சில ஈக்கள் மட்டுமே ஆப்பிரிக்காவுக்குப் போய்க் குடியேறியிருந்தால் அங்கே மரபணு வேறுபாடு குறைந்திருக்க வேண்டும். குறையாத இடங்களில், பழச் சரக்கோடு அவை பலமுறை போயிருக்கக்கூடும் என்றே நான் முதலில் ஐயுறுவேன். ஆண் ஈக்களை ஈர்க்கும் மணப்பொருளான மெத்தில் யூஜினால் வைத்த பொறியில் (இங்கே தோப்புகளில் தொங்குவதும் அதுதான்) ஆண் ஈக்களே சிக்குவதால் ஆய்வில் பெண்வழி விடுபட்டுப்போகும் என்று வேறொரு வாசகர் கவலைப்பட்டிருக்கிறார்; செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஆண் ஈக்கும் தாயிடமிருந்தே வருவதால், அந்த ஆண் ஈக்களைக் கொண்டே தாய்வழியை அறியலாம்.