ஓசி அரிசி பற்றி அறிவுரை சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். "ஓசி அரிசி போட்டே கிராமத்து ஆட்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்" என்ற அந்த மெசேஜுக்கு அத்தனை லைக். அதுவும் பெங்களூர்த் தமிழர்களிடமிருந்து.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். இலவச அரிசி அதிகமாகிவிட்டது என்பதல்ல பிரச்சினை. அது போய்ச் சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் கிராம மக்களில் 75 சதவீதம் பேர் வரை உள்ளே கொண்டுவந்தது. 2023 ஜனவரியிலிருந்து அந்தச் சட்டப்படி கிடைக்கிற அரிசிக்கும் காசு கிடையாது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

என் அத்தை கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் மலைமேல் இருக்கிறார். கடை கீழே. இறங்கிப் போனால் சர்வர் இருக்காது. சர்வர் இருந்தால் ரேகை விழாது. காலமெல்லாம் களை பிடுங்கிய விரலில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? துடைத்துவிட்டு வை, அடுத்த விரலை வை என்று அந்த மிஷின் முன்னால் அவர் திருடி மாதிரி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரத் தம்பி நல்லவர்தான், அவர் மட்டும் என்ன செய்வார்? "நாளைக்கு வாங்கம்மா." கருவிழி ஸ்கேனர் வந்த பிறகு பரவாயில்லை, அதுவும் சிக்னல் கிடைக்கிற நாளில். அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறுகிறவர் சோம்பேறியாம்!

"கர்நாடகாவுக்குக் கடத்துகிறார்களே?" கடத்துகிறவனிடம் லாரி இருக்கிறது. அத்தையிடம் ஒரு பை இருக்கிறது. யாரைப் பிடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"நடமாடும் கடை 2020லேயே வந்துவிட்டது, 2025 ஆகஸ்டிலிருந்து முதியவர்களுக்கு வீட்டுக்கே கொடுக்கிறார்களே?" நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுகிறேன். போய்ச் சேரவில்லை என்று அரசாங்கத்துக்கே தெரிந்ததால்தானே வண்டி விட்டார்கள்? வீட்டுக்கு வருவது தொடங்கியபோது 70 வயது தாண்டியவர்களுக்கு என்றார்கள். அத்தைக்கு ஆதாரில் யாரோ வயதைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள். அவர் மட்டும் இளமையாகவே இருக்கிறார்.

"எங்கள் வரிப்பணம்." அவர் வாங்குகிற சோப்பிலும் ஜிஎஸ்டி உண்டு சார். உங்கள் ஆபீஸில் ஓசி காப்பி மிஷின் ரிப்பேர் ஆனபோது ஹெச்ஆருக்கு எத்தனை மெயில் போனது என்று நீங்கள்தானே சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்? அப்போது யாரும் சோம்பேறி ஆகவில்லை போலிருக்கிறது.

இதைக்கூட விட்டுவிடுவேன். லைக் போட்டவர்களில் நம் ஜனமே இத்தனை பேர் இருந்ததைத்தான் விட முடியவில்லை. உங்கள் அப்பாவும் மஞ்சள் பையோடு அந்த வரிசையில் நின்றவர்தானே?

அடுத்து யாராவது "அத்தைக்கு மகன் இல்லையா" என்று கமெண்டில் கேட்பார்கள். இருக்கிறான். இதே பெங்களூரில், பொம்மனஹள்ளியில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் நைட் டூட்டி. ஊருக்குப் போய் ரேஷன் வாங்கிக் கொடுத்துவிட்டு வர ஒரு நாள் லீவு கேட்டால் சம்பளம் பிடிக்கிறார்கள். ஏன் பிடிக்கிறீர்கள் என்று அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து கேளுங்கள், பார்க்கலாம்.