விழும்வரை காத்திருக்க மார்ஷல் எதற்கு?

வாரக் கடைசியிலிருந்து அந்தப் பிறந்தநாள் வீடியோதான் எல்லார் டைம்லைனிலும் ஓடுகிறது. சிட்னி பப், நம்ம பசங்க மேசை, "இவருக்கு இனி பியர் கிடையாது, தண்ணி கொண்டு வர்றேன்" என்று சொன்ன ஆர்.எஸ்.ஏ. மார்ஷல் பெண். யாரும் அளவு மீறிக் குடிக்காமல் பார்த்துக்கொள்ள பப்பில் நிறுத்தப்படும் ஆள்தான் இந்த மார்ஷல். அவர் முகத்துக்கு நேராக போனைப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். கமெண்ட்டில் வந்ததையெல்லாம் இங்கே திருப்பி எழுதக் கை வரவில்லை. அதில் கொஞ்சமாவது நாகரிகமாக இருந்தது இது ஒன்றுதான்: "அவன் நல்லாத்தானே நின்னான், விழவே இல்லையே?"

விழுவதற்கு முன்னால் நிறுத்துவதுதான் அந்த வேலை. விழுந்த பிறகு வருவதற்கு ஆம்புலன்ஸ் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2007ஆம் ஆண்டு மதுச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பேச்சு, தள்ளாட்டம், கைகால் ஒத்துழைப்பு, நடத்தை, இவற்றில் மாற்றம் வெளிப்படையாகத் தெரிந்து, அதற்குக் குடிதான் காரணம் என்று நம்ப நியாயம் இருந்தால் அவர் போதையில் இருக்கிறார் என்றுதான் கணக்கு. ஊதிக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. போதையில் இருப்பவருக்கு ஊற்றுவது மட்டுமல்ல, கடைக்குள் ஒருவரைப் போதையாக விடுவதும் குற்றம். உச்ச அபராதம் 11,000 டாலர். "நான் வாங்கித் தர்றேன், உனக்கென்ன?" என்று வீடியோவில் குரல் கேட்கிறதே, போதையில் இருக்கும் நண்பனுக்கு கிளாஸை நீட்டுவதும் குற்றம்தான். அந்தத் தம்பிக்கு இது தெரிந்திருக்காது. திட்டுவதற்கு முன் கேட்டிருக்கலாம்.

"மூணே மூணு பியர்" என்கிறார்கள். இங்கே ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். 425 மில்லி ஸ்கூனர் கிளாஸில் 4.8 சதவீத பியர் ஊற்றினால் 1.6 ஸ்டாண்டர்ட். மூன்று குடித்தால் கிட்டத்தட்ட ஐந்து. உடம்பு மணிக்குச் சுமாராக ஒன்றைத்தான் கழிக்கும். மேசையில் ஜக் வேறு இருந்தது. அதே பியர் 1140 மில்லி ஜக் ஒன்றில் 4.3 ஸ்டாண்டர்ட். ஜக் வந்துவிட்டால் எண்ணிக்கை போய்விடும். பாதி காலியான கிளாஸை யாராவது நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், குடிப்பவருக்கே கணக்குத் தெரியாது. போதாததற்கு, குடித்தது ரத்தத்தில் முழுசாக ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். "நல்லாத்தானே நின்னான்" என்பது அந்த நேரத்துக்கு உண்மையாகவே இருக்கலாம். முக்கால் மணி கழித்து எப்படி நிற்பான் என்பதைத்தான் மார்ஷல் பார்க்க வேண்டும்.

எதை வைத்துப் பார்ப்பார்கள்? கார்டை மெஷினில் தட்டும்போது இரண்டு முறை தவறும். சொன்ன கதையையே மறுபடி சொல்வார். பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிச் சிரிப்பார். அந்த வீடியோவையே சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பியர் கிடையாது என்று சொல்லப்பட்ட தம்பி கிளாஸை மேசை விளிம்பில் பாதி வெளியே வைக்கிறார், பக்கத்தில் இருப்பவர் பார்க்காமலே அதை உள்ளே தள்ளுகிறார். அப்படியென்றால் அது முதல் தடவை இல்லை. அந்தப் பெண் பார்த்தது அதைத்தான்.

அவர் செய்த விதத்தையும் பாருங்கள். "குடிச்சிருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொடவில்லை. மேசையிலேயே நிதானமாக இருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தண்ணீர், சாப்பாடு, வண்டி என்று வரிசையாகக் கேட்டார். பயிற்சியில் சொல்லித் தருவது இதைத்தான். மரியாதையாக நடந்துகொண்ட ஒருத்தியை ஊரே சேர்ந்து அடிப்பது எனக்கு வலிக்கிறது.

"நம்ம நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினா" என்கிறீர்கள். அப்படி நடக்கும் கடைகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. நிஜமாகவே அப்படியென்றால் நேரம், இடம் குறித்து மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கும் கடைகளில் சம்பவப் பதிவேடு வைப்பது கட்டாயம். ஆனால் அதே மேசையில் மற்ற எல்லோருக்கும் ஊற்றினார்களே? அவர்கள் என்ன நிறம்?

குடிக்காமலே, சர்க்கரை இறங்கினாலும் நாக்கு குழறும், தலையில் அடிபட்டாலும் தள்ளாடும், சரிதான். அதனால்தான் பக்கத்தில் போய்ப் பேசிப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பெயருக்கு வைத்த வேலை என்பவர்கள் சிட்னிக்கு வடக்கே இருக்கும் நியூகாசிலைத் தேடிப் பாருங்கள். 2008 மார்ச்சில் அங்கே 14 பப்களுக்கு நிபந்தனை போட்டார்கள். சீக்கிரம் மூடு, இரவு பத்துக்கு மேல் ஷாட்ஸ் கிடையாது, பதினொன்றிலிருந்து மூடும்வரை இந்த வேலைக்கென்றே ஒரு ஆளை நிறுத்து. இரவு நேர அடிதடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று ஆய்வில் வந்தது. மார்ஷல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், எல்லாம் சேர்ந்து செய்தது. அதில் மார்ஷலும் ஒரு பங்கு.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மார்ஷல் கீழே ஒருவரை நிறுத்தினார். மாடி பாருக்கு ரேடியோவில் தகவல் போகவில்லை. பத்து நிமிஷத்தில் அதே ஆள் மாடியில் இரண்டு ஷாட் வாங்கிவிட்டார். கேட்டால், "ரெகுலர் கஸ்டமர், விடும்மா" என்று மேனேஜரே சொன்னாராம். இன்னும் சில இடங்களில் செக்யூரிட்டி ஆளுக்கே மார்ஷல் சட்டையையும் மாட்டிவிடுகிறார்கள். வாசலில் ஒரு தள்ளுமுள்ளு வந்தால் அவர் அங்கே ஓடிவிடுவார், உள்ளே பார்க்க யாரும் இல்லை. லைசென்ஸ் நிபந்தனையில் போட்டிருக்கிறது என்பதற்காக ஒருவரை நிறுத்தி, அவர் வேண்டாம் என்ற பிறகும் கவுண்டரில் ஊற்றினால் அந்தச் சட்டைக்கு என்ன மதிப்பு? இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கா? பெரும்பாலும் மாணவர்கள், மணிக்கணக்குக் கூலி, அடுத்த வாரம் ஷிஃப்ட் கிடைக்குமா என்ற பயம் வேறு. முதலாளியிடமும் திட்டு, குடித்தவரிடமும் திட்டு, இப்போது முகநூலிலும்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால் அந்தப் பெண்ணின் முகத்தையாவது மறையுங்கள். மாடி பார் வரைக்கும் தகவல் போகாத கடையென்றால் அதன் முதலாளியிடம் போய்க் கேளுங்கள், நானும் வருகிறேன்.