கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காதது

அருங்காட்சியகம் பழம்பொருள் கிடங்காக இருந்தால் போதாது, மக்கள் கூடும் இடமாக வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. ஆனால் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்தில் கேள்வி அதற்கு ஒரு படி முன்னாலேயே நிற்கிறது: யாருடைய பொருள் உள்ளே போகிறது?

கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். பழைய இயந்திரங்கள், இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கொழுந்து பறித்த கையைத் தேடினால் கம்பளைப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே ஒரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினார்கள்.

அம்மாவைக் கூட்டிப்போனேன். "நம்ம வீட்டுல கெடக்கிற சாமானப் பார்க்கவா பஸ் ஏத்திக் கூட்டியாந்த?" என்று சிரித்தார். பிறகு தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தவர்தான், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், அரை நாள் சம்பளமே கிடைக்கும் அரைப்பேர், தாத்தாவின் காய்ப்பு விழுந்த கை. பக்கத்தில் நின்ற இரண்டு மாணவிகள் கத்தியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்வதும் அருங்காட்சியக வேலைதானே?

மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை எந்தப் பெட்டியில் வைப்பது? மாசியில் கம்பம் ஊன்றி, ரதி மதன் வேஷம் கட்டி, தோட்டமே விடிய விடிய விழித்திருக்கும். கலை நிறுவனங்கள் பழைய தப்பு மேளத்தை வாங்கிச் சுவரில் மாட்டுவதற்குப் பதில், அடிக்கத் தெரிந்த பெரியவரிடம் நாலு பிள்ளைகளை அனுப்பலாம்.